ஆரம்பநிலைப் பார்க்கின்சன்: வீட்டிலேயே உடற்பயிற்சியைத் தொடங்கி, விடாமல் கொண்டுபோக ஒரு முழுமையான வழிகாட்டி

பார்க்கின்சன் என்று டாக்டர் சொல்லி ஓரிரு ஆண்டுகளே ஆனவர்கள், யார் துணையும் இல்லாமல் எழுந்து நடக்கிறவர்கள், அவர்களோடு வீட்டில் இருப்பவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். அடிக்கடி விழுகிறவர்களுக்கும், நடக்கும்போது கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுபோகிறவர்களுக்கும் இந்த வரிசை பொருந்தாது. அவர்கள் பிசியோதெரபிஸ்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும்.

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் வீடுகளுக்குப் போய்ப் பயிற்சி சொல்லிக்கொடுப்பது என் வேலை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் இடறும் இடங்கள் எல்லா வீட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். முதல் வாரத்திலேயே அளவுக்கு மீறிச் செய்வார்கள். மாத்திரை வேலை செய்யாத நேரத்தில் செய்வார்கள். நடையோடு நிறுத்திக்கொள்வார்கள். அப்புறம் இரண்டு மாதத்தில் விட்டுவிடுவார்கள். இதில் கடைசியதுதான் பெரிய நஷ்டம்.

உடற்பயிற்சி இந்த நோயைக் குணமாக்காது. மாத்திரையைக் குறைத்துக்கொள்ளவும் அது காரணம் ஆகாது. தொடர்ந்து செய்கிறவர்களுக்கு நடையும் நிதானமும் மெதுவாகத்தான் தளர்கின்றன என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. அந்த அளவுக்கு எதிர்பார்த்துத் தொடங்குங்கள்.

1. முதலில் டாக்டரிடம் நான்கு கேள்விகள்

இதயம் தாங்குமா? மூச்சு வாங்கும் அளவுக்குப் பயிற்சி செய்யப்போகிறீர்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், பழைய நெஞ்சுவலி எதுவாக இருந்தாலும் சொல்லிவிட்டு, ஈசிஜியோ டிரெட்மில் பரிசோதனையோ தேவையா என்று கேளுங்கள்.

எழுந்து நின்றால் ரத்த அழுத்தம் இறங்குகிறதா? படுத்திருக்கும்போது ஒருமுறை, எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால், தலைசுற்றி விழ வாய்ப்புண்டு. நோயும் இதைச் செய்யும், மாத்திரையும் செய்யும். முதலில் அதைச் சரிசெய்துகொண்டுதான் பயிற்சி.

என் மாத்திரைகளில் எதில் கவனம் வேண்டும்? நடுக்கத்துக்குத் தரும் ட்ரைஹெக்ஸிபெனிடில் வியர்வையைக் குறைக்கும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் வியர்க்காமல் நடந்தால் உடல் சூடு ஏறிவிடும். ப்ராமிபெக்ஸோல், ரோபினிரோல் சாப்பிடுகிறவர்களில் சிலருக்குத் திடீரென்று தூக்கம் வரும்; அவர்கள் சாலையில் சைக்கிள் ஓட்டக் கூடாது.

வேறு மருந்து ஏதாவது சேர்ந்திருக்கிறதா? இதை டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள். பூனைக்காலி விதைப்பொடியில், பார்க்கின்சனுக்குத் தரும் முக்கிய மருந்தான லெவோடோபா இயற்கையாகவே இருக்கிறது. வீட்டில் யாருக்கும் சொல்லாமல் அதையும் மாத்திரையையும் சேர்த்துச் சாப்பிட்டால் அளவு கூடிப்போகும், ரத்த அழுத்தமும் இறங்கும்.

2. ஒரு வாரம் மாத்திரை நேரத்தைக் குறித்து வையுங்கள்

பயிற்சிக்கு முன்னால் ஒரு வாரம் எழுதும் வேலை மட்டும்தான். மாத்திரை எத்தனை மணிக்கு, எத்தனை மணியிலிருந்து உடல் இலகுவாகிறது, எப்போது மறுபடி இறுகுகிறது. காலண்டர் தாளின் பின்பக்கம் போதும்.

லெவோடோபா சாப்பிடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் முக்கால் மணி, ஒரு மணி நேரத்தில் மருந்து பிடிக்கும். பயிற்சியை அந்த நேரத்தில் வைக்க வேண்டும். மருந்து பிடித்த நேரத்தில் கை கால் முழு அளவுக்கு அசையும். அந்தப் பெரிய அசைவைத்தான் உடலுக்குப் பழக்கப் போகிறோம். இறுக்கத்தோடு செய்தால் குறுகிய அசைவுதான் பழகும், விழவும் கூடும்.

பலர் செய்வது இதற்கு நேர்மாறு. விடிகாலை எழுந்ததும் மாத்திரை போடாமல் ஊருணியைச் சுற்றப் போய்விடுவார்கள். வந்து குளித்து, பலகாரம் சாப்பிட்டு, அதன்மேல் மாத்திரை. புரதம் அதிகமான சாப்பாட்டோடு சேர்ந்தால் லெவோடோபா உடலில் ஏறுவது தடைப்படும். எழுந்ததும் தண்ணீரோடு மாத்திரை, அரை மணி கழித்து லேசாக ஏதாவது, அதற்குப் பிறகு பயிற்சி என்று மாற்றிப் பாருங்கள். வெறும் வயிற்றில் குமட்டினால் ஒரு பிஸ்கட் சேர்த்துக்கொள்ளலாம்.

இன்னும் மாத்திரையே தொடங்காதவர்களுக்கு இந்தக் கணக்கு இல்லை. உடல் எப்போது நன்றாக இருக்கிறதோ அப்போது செய்யலாம்.

3. வீட்டைச் சரிசெய்தல்

நம் செட்டிநாட்டுப் பெரிய வீடு பார்க்கின்சன் உள்ளவருக்கு ஒரு பக்கம் வரம், ஒரு பக்கம் தொல்லை. வளவை, அதாவது வீட்டு நடுவிலுள்ள திறந்த முற்றத்தை, சுற்றியிருக்கும் தாழ்வாரம் நிழலான நடைபாதை. மழை வெயில் எதுவும் பயிற்சியைத் தடுக்க முடியாது. இந்த வசதி சென்னை ஃபிளாட்டில் கிடையாது. ஆனால் மூன்று இடங்களைப் பார்த்தாக வேண்டும்.

முதலாவது நிலைப்படி. முகப்பிலிருந்து இரண்டாம் கட்டு வரை ஒவ்வொரு வாசலிலும் உயர்ந்த மரப்படி இருக்கும். இந்த நோயில் கால் தூக்கும் உயரம் தானாகவே குறைவதால் விரல் அதில் தட்டும். படியைப் பெயர்க்க வேண்டாம், அதன் விளிம்பில் பளிச்சென்ற நிறத்தில் டேப் ஒட்டுங்கள். படிக்கு முன் ஒரு கணம் நின்று, முழங்காலை உயர்த்தித் தாண்டும் பழக்கத்தை இப்போதே கொண்டுவாருங்கள்.

இரண்டாவது தரை. ஆத்தங்குடிக் கல் என்ற தரை ஓடு தேயத் தேயப் பளபளக்கும். சில வீடுகளில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைப்பார்கள். நடக்கும் பாதையில் அதை நிறுத்திவிடுங்கள். வெறும் சாக்ஸ், ரப்பர் செருப்பு இரண்டும் கூடாது. பின்பட்டி உள்ள, குதிகால் அசையாத ஷூவை வீட்டுக்குள்ளும் போட ஆச்சிகள் சம்மதிக்க மாட்டார்கள். வீட்டுக்கென்று தனியாக ஒரு ஜோடி வாங்கிவைத்தால் அந்தச் சண்டை முடிந்துவிடும்.

மூன்றாவது வளவு முற்றத்தின் இறக்கம். தாழ்வாரத்திலிருந்து முற்றம் ஒரு படி கீழே இருக்கும். திரும்பும்போது பின்னால் ஓரடி வைத்தால் அங்கேதான் போய் விழுவார்கள். சுற்றும்போது சுவர்ப்பக்கமாகவே நடக்கச் சொல்லுங்கள்.

உட்காருவதற்குக் கைப்பிடி உள்ள, உறுதியான, முழங்கால் உயரத்து நாற்காலி ஒன்று வேண்டும். சாய்வு நாற்காலியும் ஊஞ்சலும் பயிற்சிக்கு உதவா. ஒன்றிலிருந்து எழவே முடியாது, இன்னொன்று எழும்போது நகர்ந்துவிடும்.

4. இன்றைய நிலையைப் பதிவு செய்யுங்கள்

மூன்று விஷயம் போதும். நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு ஐந்து தடவை எழுந்து உட்கார எத்தனை நொடி. தாழ்வாரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக எத்தனை அடி வைக்கிறார். நடந்து போய்த் திரும்பி வருவதை முன்னாலிருந்தும் பக்கவாட்டிலும் ஒரு நிமிட வீடியோ.

வீடியோ ஏன்? தன் கை வீசவில்லை என்பது பார்க்கின்சன் உள்ளவருக்குத் தெரியாது. வீட்டில் தினமும் பார்ப்பவர்களுக்கும் மெல்ல மெல்ல வரும் மாற்றம் கண்ணில் படாது. பெரும்பாலும் சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ இருக்கும் பிள்ளைதான் வாட்ஸப்பில் பார்த்துவிட்டு, "அப்பச்சிக்கு ஏன் வலது கை ஆடவே இல்லை?" என்று கேட்கிறார்.

5. நடையைப் பெரிதாக்குங்கள்

இனிதான் பயிற்சி. முதல் இரண்டு வாரம் வேகத்தை மறந்துவிடுங்கள். நீளமான அடி, குதிகால் முதலில் படுவது, இரண்டு கையும் வீசுவது, இந்த மூன்றும்தான் பாடம். ஒரு தடவைக்குப் பத்து நிமிடம், நாளுக்கு இரண்டு தடவை.

இந்த நோயில் அசைவின் அளவைப் பற்றிய மூளையின் கணக்கே சுருங்கிப்போகிறது. சின்ன அடி வைக்கும்போது அவருக்கு அது சரியான அடியாகவே தெரியும். நாம் சொல்லும் அளவுக்கு எட்டி வைத்தால், ஏதோ மிகையாக நடிப்பதுபோல் இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். வீடியோவைக் காட்டினால் நம்புவார். அது சாதாரண நடையாகத்தான் இருக்கும்.

ஆத்தங்குடிக் கல்லை இதற்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். உங்கள் வீட்டுக் கல்லின் அளவைப் பார்த்து, ஓரடிக்கு இத்தனை கல் என்று முடிவு செய்து, அந்தக் கோட்டைத் தாண்டி வைக்கச் சொல்லுங்கள். கண்ணுக்கு ஒரு குறி கிடைத்தால் கால் தானாக நீளும். காதுக்குக் கிடைக்கும் தாளமும் அப்படியே. குன்றக்குடியிலிருந்து பழநிக்குக் காவடியோடு நடந்தவர்களுக்குப் பாட்டின் தாளத்தில் கால் வைப்பது புதிதல்ல. சீரான நடையுள்ள பாட்டை ஃபோனில் போட்டு, அதற்கேற்ப அடி வையுங்கள்.

திரும்புவதைத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். நின்ற இடத்திலேயே ஒரு காலை ஊன்றிச் சுழல்வது விழுவதற்கான நேர்வழி. அரைவட்டமாக, நான்கைந்து அடி எடுத்து நடந்து திரும்ப வேண்டும்.

இந்தக் கட்டத்தில் வீட்டார் செய்யும் தவறு, கூடவே நடந்து பேசிக்கொண்டே வருவது. "நிமிர்ந்து நடங்க, கையை வீசுங்க, காலைத் தூக்குங்க, டிவி பில் கட்டியாச்சா?" ஆரம்பத்தில் அவர் கவனம் முழுக்க அடியில்தான் இருக்க வேண்டும். ஒரே ஒரு சொல் போதும்: "பெரிசா."

6. மூச்சு வாங்கும் அளவுக்குக் கொண்டுபோங்கள்

மூன்றாம் வாரத்திலிருந்து. கோயிலுக்குப் போய்வருவதுபோன்ற மெதுநடை உடம்புக்கு நல்லதுதான், ஆனால் இந்த நோயின் போக்கில் மாற்றம் தெரிவதற்கு அது போதாது. அமெரிக்காவில் இன்னும் மாத்திரை தொடங்காத 128 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2018-ல் வெளிவந்தது. உச்ச நாடித்துடிப்பில் 80 முதல் 85 சதவீதம் எட்டும்படி டிரெட்மில்லில் நடந்தவர்களுக்கு ஆறு மாதத்தில் அசைவுக் குறைபாட்டின் மதிப்பெண் ஏறக்குறைய அப்படியே நின்றது. வழக்கம்போல் இருந்தவர்களுக்கு மூன்று புள்ளி மோசமானது. மிதமாக நடந்தவர்களுக்கு அந்த அளவு தெளிவான பலன் தெரியவில்லை. நெதர்லாந்தில் வீட்டிலேயே நின்ற இடத்து சைக்கிளை வாரம் மூன்று முறை, அரை மணி முதல் முக்கால் மணி வரை ஓட்டியவர்களிடமும் 2019-ல் இதுபோன்ற பலன் கண்டார்கள்.

ஆனால் 80 சதவீதத்தை முதல் நாளே துரத்த வேண்டாம். அங்கே இதயப் பரிசோதனை செய்து, ஆள் பக்கத்தில் நின்று, மெல்ல ஏற்றிய அளவு அது. வீட்டில் இப்படி ஏறலாம்.

முதல் மாதம்: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. இருபது நிமிடத்தில் தொடங்கி அரை மணி வரை, வாரம் மூன்று நாள்.

அடுத்த மாதங்கள்: இடையிடையே ஒரு நிமிடம் வேகம், இரண்டு நிமிடம் சாதாரணம். வேக நிமிடத்தில் நான்கைந்து சொல்லுக்கு மேல் சேர்ந்தாற்போல் வரக் கூடாது.

கைக்கடிகாரம் காட்டும் நாடித்துடிப்பை மட்டும் நம்பாதீர்கள். பார்க்கின்சன் சிலருக்கு நாடித்துடிப்பு ஏறுவதையே மட்டுப்படுத்தும். ரத்த அழுத்தத்துக்கோ நடுக்கத்துக்கோ ப்ராப்ரனோலால், அட்டெனோலால் சாப்பிட்டாலும் அப்படித்தான். பேச்சுச் சோதனையே நம்பகம்.

நடையில் வேகம் கூட்டப் பயமாக இருந்தால் நின்ற இடத்து சைக்கிள் நல்லது, விழ வழியில்லை. பழைய ஓடாத சைக்கிளை ஸ்டாண்டு போட்டு மிதிப்பதைப் பார்த்திருக்கிறேன். அது ஆடும், வேண்டாம். வெளியே நடப்பவர்கள் வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும். பங்குனி முதல் ஆவணி வரை தாழ்வாரமே மேல்.

7. வலுவும் நிமிர்வும்

வாரம் இரண்டு மூன்று நாள், அடுத்தடுத்த நாள் இல்லாமல். எழுந்து உட்காருதல், சுவரில் கையூன்றித் தள்ளுதல், குதிகாலைத் தூக்கி இறக்குதல், சுவரில் முதுகும் தலையும் படும்படி ஒரு நிமிடம் நிற்றல். ஒவ்வொன்றும் பத்து தடவை. எளிதானபின் தண்ணீர் பாட்டிலைக் கையில் சேர்த்துக்கொள்ளலாம்.

இந்த நோய் உடலை முன்னால் வளைக்கும். ஆகவே முதுகு, இடுப்புப் பின்புறம், தொடை ஆகிய நிமிர்த்தும் தசைகளுக்குத்தான் முதலிடம். கையை மட்டும் பலப்படுத்தும் பயிற்சி பார்க்க நன்றாக இருக்கும், விழாமல் காக்காது.

8. சமநிலை, அதன்பின் இரண்டு வேலை ஒன்றாக

இதைக் கடைசியில் வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. காலில் வலுவில்லாமல் ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னால் பயம்தான் வரும். மூலையில், இரண்டு சுவருக்கு நடுவே, முன்னால் நாற்காலி வைத்துக்கொண்டு செய்யுங்கள். ஒரு காலுக்கு நேர் முன்னால் இன்னொரு காலை வைத்து நிற்பது, பக்கவாட்டில் நடப்பது, பின்னோக்கி நடப்பது. பின்னோக்கி நடக்கும்போது கட்டாயம் ஒருவர் பின்னால் இருக்க வேண்டும். வளவுத் தூணைப் பிடித்துக்கொள்ளலாம் என்பார்கள். கைக்குள் அடங்காத பருமன் அது, சறுக்கினால் பிடி கிடைக்காது.

தாய்ச்சி என்ற மெதுவான அசைவுகள் கொண்ட சீனப் பயிற்சி தெரிந்தவர் கிடைத்தால் சேரலாம். அமெரிக்காவில் 195 பேர் கலந்துகொண்ட ஆய்வில், வாரம் இரு முறை ஆறு மாதம் தாய்ச்சி செய்தவர்கள், தசை நீட்டும் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிடக் குறைவாகவே விழுந்தார்கள்.

நடை பெரிதாகி நிலைத்தபின், வேண்டுமென்றே பேச்சுக் கொடுங்கள். ஐந்தாம் கட்டத்தில் தடுத்ததை இங்கே சேர்க்கிறோம், ஏனென்றால் தெருவில் யாரும் மௌனமாக நடப்பதில்லை. நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைப்பது பலருக்குச் சலிப்பு. நகரத்தார் வீட்டில் ஒன்பது கோயில் பெயரையும் கடைசியிலிருந்து சொல்லச் சொல்வேன். முதல் கோயிலான இளையாற்றங்குடி வருவதற்குள் அடி சுருங்கிவிட்டால், பேச்சை நிறுத்தி அடியைச் சரிசெய்ய வேண்டும்.

9. வீட்டு வேலையைக் கையிலிருந்து பிடுங்காதீர்கள்

நோய் என்று தெரிந்ததும் வீட்டார் பாசத்தோடு செய்யும் முதல் காரியம் இதுதான். "அப்பச்சி, நீங்க உக்காருங்க, நாங்க பாத்துக்கிறோம்." கடைக்குப் போவது நிற்கும், தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவது நிற்கும், ஆச்சியானால் கோலமும் அடுப்படியும் போகும். காலையில் அரை மணி பயிற்சி செய்துவிட்டு மீதி நாள் முழுக்க உட்கார வைத்துவிட்டால் என்ன மிஞ்சும்?

கியோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆரம்பநிலையில் இருந்த 237 பேரின் ஐந்தாறு ஆண்டுப் பதிவுகளை ஆராய்ந்து 2022-ல் வெளியிட்டார்கள். மிதமானது முதல் கடுமையானது வரையான உடற்பயிற்சியைத் தொடர்ந்தவர்களுக்கு நடையும் நிற்கும் நிதானமும் மெதுவாகத் தளர்ந்தன. வேலை சார்ந்த உழைப்பைத் தொடர்ந்தவர்களுக்குச் சிந்தனை வேகம் மெதுவாகக் குறைந்தது. வீட்டு வேலையைத் தொடர்ந்தவர்களுக்கு உடுத்துவது, உண்பது போன்ற அன்றாடக் காரியத் திறன் கூடுதல் காலம் நின்றது. உழைப்புக்கு உழைப்பு பலன் வேறாக இருப்பதால் ஒன்று மற்றதற்கு ஈடாகாது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

அதே ஆய்வில் இன்னொன்று: நோய் தொடங்கும்போது எவ்வளவு சுறுசுறுப்பாக இருந்தார்கள் என்பதற்கும் பின்னாளைய போக்குக்கும் தெளிவான தொடர்பு தெரியவில்லை. அதற்குப் பிறகு எவ்வளவு விடாமல் செய்தார்கள் என்பதற்குத்தான் தொடர்பு இருந்தது. "சின்ன வயசில கபடி ஆடின உடம்பு" என்பவருக்கும், "வாழ்நாளில் ஓடினதே இல்லை" என்பவருக்கும் இது பொருந்தும். ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இது பதிவுகளைப் பார்த்துச் சொன்னது. நோய் மெதுவாகப் போனதால்தான் சிலரால் விடாமல் செய்ய முடிந்தது என்றும் இருக்கலாம். ஆய்வாளர்கள் கணக்கில் அதற்கு இடம் கொடுத்திருந்தாலும், சந்தேகம் முழுக்கத் தீர்ந்துவிடாது.

எனவே வேலையைப் பங்கிடுங்கள். கொதிக்கும் எண்ணெய், ஏணி, மொட்டைமாடிப் படியில் சுமை தூக்குவது இவை வேண்டாம். காய் நறுக்குவது, துணி மடிப்பது, பூப் பறிப்பது, கணக்கு எழுதுவது அவரிடமே இருக்கட்டும். ஓலைக் கொட்டான் பின்னத் தெரிந்தவர் பின்னட்டும், விரலுக்கு அதைவிட நல்ல வேலை இல்லை. நேரமாகும். அந்த நேரத்தைப் பொறுத்துக்கொள்வதுதான் வீட்டாருடைய பயிற்சி.

10. வாரக் கணக்கும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதும்

எல்லாம் ஏறிவந்தபின் ஒரு வாரம் இப்படி இருக்கும்: மூச்சு வாங்கும் பயிற்சி மூன்று நாள், அரை மணிக்குக் குறையாமல். அவற்றுக்கு இடைப்பட்ட இரண்டு நாள் வலுவும் சமநிலையும். தசை நீட்டல் தினமும் ஐந்து நிமிடம். மீதி நாள் ஓய்வு.

நெஞ்சு அழுத்தம், கண் இருட்டிக்கொண்டு வருதல், பயிற்சிக்கு மறுநாளும் தீராத களைப்பு, புதிதாக மூட்டுவலி, ஒரு தடவை விழுந்தாலும் சரி: நிறுத்திவிட்டு டாக்டரிடம் கேட்க வேண்டும். பயிற்சியின்போது நடுக்கம் கூடினால் பயப்பட வேண்டாம். உடல் முனைப்போடு வேலை செய்யும்போது அது கூடும், ஓய்வில் அடங்கிவிடும்.

தைப்பூசத்துக்குப் பழநிக்கு நடக்கலாமா என்று ஆண்டுதோறும் யாராவது கேட்கிறார்கள். ஆரம்பநிலையில், டாக்டர் சம்மதித்து, மாத்திரை நேரம் தெரிந்த ஒருவர் கூடவே வந்தால் போகலாம். கூட்டத்தின் வேகத்துக்கு ஓடக் கூடாது, கால் சோர்ந்தால் வண்டியில் ஏறிவிட வேண்டும். அந்த ஒரு வார நடையை ஆண்டு முழுமைக்குமான பயிற்சியாக எண்ணித் திரும்பி வந்து மாசி, பங்குனி முழுக்க உட்கார்ந்துவிடுகிறவர்களைத்தான் எனக்குச் சமாளிக்க முடியவில்லை.

கல்யாணம், காய்ச்சல், ஊர்ப் பயணம் என்று இடைவெளி விழத்தான் செய்யும். ஒரு வாரத்துக்கு மேல் விட்டுப்போயிருந்தால், விட்ட இடத்தில் தொடங்காமல் பாதி நேரத்தில் தொடங்கி இரண்டு வாரத்தில் பழைய அளவுக்கு வாருங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நான்காம் கட்டத்துச் சோதனைகளை அதே நாற்காலியில், மாத்திரை போட்டு அதே நேரம் கழித்துச் செய்து, பழைய வீடியோவையும் புதியதையும் அடுத்தமுறை டாக்டரைப் பார்க்கும்போது எடுத்துப்போங்கள்.